மாதம் ஒரு நூல்: பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ்

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘விலங்குப் பண்ணை’யைத் தமிழில் படித்தோர் பலர். அந்நூலை வெளியிட இயலாதென 1944இல் கையெழுத்துப்படியைத் திருப்பி அனுப்பிய பதிப்பாளரை அறிந்தோர் சிலரே. அவர் பெயர் விக்டர் கொலான்ஸ். ஆர்வெல்லின் முதல் நூலை 1933இல் வெளியிட்டு, அவரை வாசகருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. ஓர் எழுத்தாளரை முதலில் இனங்கண்டவர், அவ்வெழுத்தாளரின் புகழ்மிக்க படைப்பைக் கைவிட நேர்ந்தது எங்ஙனம் என்னும் வினா, கொலான்சின் வாழ்வைப் படிப்போர் உள்ளத்தில் இயல்பாகவே எழும். அவர் 1936இல் தோற்றுவித்து 12 ஆண்டுகள் நடத்திய இடதுசாரி நூல் மன்றத்தின் வரலாற்றில்தான் அதற்கு விடை உள்ளது. மாதம் ஒரு புதிய நூலைப் படித்து, ஊர்தோறும் கூடி விவாதித்து, திரைப்படங்களைக் கண்டு கருத்தாடிய பல்லாயிரம் வாசகரை ஒன்றுசேர்த்த இயக்கம் அது. அதன் பெருமையும் அதன் குறையும் ஒரே மனிதரின் உள்ளத்திலிருந்து பிறந்தவை.

இளமையும் குடும்பமும்

விக்டர் கொலான்ஸ் 1893ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லண்டனில் பிறந்தார். போலந்திலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய யூதக் குடும்பம் அவருடையது. பாட்டனார் யூத வழிபாட்டு மன்றத்தில் இறைப்பாடல் இசைப்பவராக விளங்கினார். பெரிய தந்தையரும் சிறிய தந்தையரும் கல்வியால் உயர்ந்தவர்கள். ஒருவர் லண்டன் பல்கலைக்கழகத்தில் எபிரேய மொழிப் பேராசிரியர். மற்றொருவர் ஷேக்ஸ்பியர் ஆய்வில் பெயர் பெற்ற ஆங்கிலப் பேராசிரியர். தந்தை அலெக்சாண்டர் நகை வணிகர். மரபு வழுவாத சமயப் பற்றாளர்.

தந்தையின் கட்டுப்பாடு மகனுக்கு உவப்பாக இல்லை. சடங்குகளின் இறுக்கத்தையும், வீட்டில் பெண்களுக்குத் தரப்பட்ட தாழ்ந்த இடத்தையும் கண்டு அவர் இளமையிலேயே மனம் வெதும்பினார். அந்த வெதும்பல் வெறும் உணர்ச்சியாக நின்றுவிடவில்லை. 24 வயதில், 1917இல், ஆக்ஸ்ஃபோர்டு சார்ந்த பெண்ணுரிமைக் கட்டுரைகளின் தொகுதி ஒன்றை அவர் பதிப்பித்து வெளியிட்டார். 1919இல் அவர் மணந்த ரூத் லோவியின் தாயாரும் பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தவர். இவ்விணையருக்கு ஐந்து பெண்மக்கள் பிறந்தனர். தந்தைக்குப் பின் பதிப்பகப் பொறுப்பை ஏற்று நடத்தியவர் அவர்களுள் ஒருவரான லிவியா என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பள்ளி இதழும் புத்தகக் கடையும்

செயிண்ட் பால் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் நியூ கல்லூரியிலும் கிரேக்க, இலத்தீன இலக்கியங்களைக் கற்ற கொலான்ஸ், முதல் உலகப் போர் மூண்டதால் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1916இல் ரெப்டன் என்னும் புகழ்பெற்ற பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கே டேவிட் சோமர்வெல் என்னும் உடனாசிரியரோடு சேர்ந்து, மாணவர்க்கு நடப்பு அரசியலைக் கற்பிக்கும் வகுப்புகளைத் தொடங்கினார். போர் ஏன் நிகழ்கிறது, வறுமை எதனால் உண்டாகிறது, பெண்களுக்கு வாக்கு ஏன் மறுக்கப்படுகிறது என்பனவற்றை மாணவர் தாமே விவாதித்தனர். அவ்விவாதங்களிலிருந்து ஓர் இதழும் மலர்ந்தது. பள்ளிச் சிறுவர் உலக நிகழ்ச்சிகளைத் தம் கண்ணால் நோக்கி எழுதிய இதழ் அது.

அவ்விதழின் படிகள் லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் ஹெண்டர்சன் என்பவர் நடத்திய புத்தகக் கடையிலும் விற்பனைக்கு வைக்கப்பட்டன. வெடிகுண்டுக் கடை என்பது அதன் பெயர். சமதர்மவாதிகளும் போர் எதிர்ப்பாளரும் வேறெங்கும் கிடைக்காத துண்டு வெளியீடுகளைத் தேடிச் செல்லும் இடம் அது. உயர்குடிச் சிறுவர் பயிலும் பள்ளியின் இதழ், போர்க்காலத்தில், அத்தகைய கடையில் விற்கப்படுவது ஆட்சியாளர் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? எதிர்ப்பு வலுத்தது. பிற்காலத்தில் காண்டர்பரித் தலைமைப் பேராயராக உயர்ந்த ஜெஃப்ரி ஃபிஷர் அப்போது அப்பள்ளியின் தலைமையாசிரியர். 1918ஆம் ஆண்டு ஈஸ்டர் பருவத்தில் கொலான்ஸ் பணியிலிருந்து விலக்கப்பட்டார்.

இரண்டே ஆண்டுகள் நிலைத்த அந்த ஆசிரியப் பணி அவர் வாழ்நாள் முழுமைக்கும் திசை காட்டியது. மக்களுக்கு உண்மையை அறிவித்தால் போதும், அவர்கள் நல்லதையே தேர்ந்துகொள்வர் என்னும் நம்பிக்கை அங்குதான் வேரூன்றியது. அவர் பிற்காலத்தில் நடத்திய மன்றம், ரெப்டன் வகுப்பறையை நாடு முழுவதற்கும் விரித்த செயலே எனலாம்.

மஞ்சள் உறை

பள்ளியை இழந்தவர் பதிப்புத் தொழிலுக்கு வந்தார். எர்னஸ்ட் பென் என்பவரின் நிறுவனத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே அதன் நூல் வெளியீட்டுப் பிரிவை வளர்த்தார். 1927இல் விலகி, கோவண்ட் கார்டன் பகுதியில் ஹென்ரியட்டா தெரு 14ஆம் எண் இல்லத்தில் தம் பெயராலேயே பதிப்பகம் தொடங்கினார்.

அந்நாளில் இங்கிலாந்தின் பதிப்பாளர் நூலை விளம்பரப்படுத்துவதைத் தம் மதிப்புக்கு இழுக்கெனக் கருதினர். கொலான்ஸ் அம்மரபை உடைத்தார். நாளிதழ்களில் பக்க அளவில் விளம்பரம் செய்தார். ஸ்டான்லி மோரிசன் என்னும் அச்செழுத்துக் கலை வல்லுநரைக் கொண்டு மேலுறைகளை அமைத்தார். படம் ஏதுமின்றி, பளிச்சிடும் மஞ்சள் தாளில், கறுப்பும் கருஞ்சிவப்பும் கலந்த பெரிய எழுத்துகள் பல அளவில் அடுக்கப்பட்ட அவ்வுறைகள், கடை வாசலில் நிற்பவரையும் இழுத்தன. போர் முனை வாழ்வைக் காட்டிய ஷெரிஃபின் நாடகம் 1929இல் பெருவெற்றி பெற்றது. ஏ.ஜே.குரோனின், டாரதி சேயர்ஸ், டாஃப்னி டு மோரியர் முதலியோரின் நூல்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. துப்பறியும் கதைகளாலும் நாவல்களாலும் ஈட்டிய பொருள், சமூக நூல்களை வெளியிடும் துணிவை அவருக்குத் தந்தது.

இடதுசாரி நூல் மன்றம்

1930களின் நடுப்பகுதி ஐரோப்பாவுக்கு இருண்ட காலம். ஜெர்மனியில் ஹிட்லர் 1933இல் ஆட்சியைப் பிடித்தார். இத்தாலி 1935இல் அபிசீனியாமீது படையெடுத்தது. பிரிட்டனின் வடபகுதி நகரங்களில் கப்பல் கட்டும் தளங்களும் சுரங்கங்களும் மூடப்பட்டு, தொழிலாளர் வேலையின்றி வாடினர். இவற்றை விளக்கும் நூல்கள் இல்லாமல் இல்லை. ஆயின் அவற்றின் விலை, அவற்றைப் படிக்க வேண்டியவரின் கைக்கு எட்டாததாக இருந்தது.

இக்குறையைத் தீர்க்கக் கொலான்ஸ் கண்ட வழியே இடதுசாரி நூல் மன்றம். 1936ஆம் ஆண்டு மே மாதம் அதன் முதல் நூல்கள் வெளிவந்தன. உறுப்பினர் ஆறு மாதங்களுக்கேனும் மாதம் ஒரு நூலைப் பெற்றுக்கொள்ள ஒப்ப வேண்டும். ஒரு நூலுக்கு அவர் தருவது இரண்டரை ஷில்லிங். அதே நூல் வெளியே மூன்று மடங்குக்கும் மேலான விலைக்கு விற்கும். எத்தனை படிகள் செலவாகும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால், மிகுதியாக அச்சிட்டுக் குறைந்த விலைக்குத் தருதல் இயன்றது. கெட்டி அட்டைக்கு மாறாக மெல்லிய செம்மஞ்சள் அட்டை இட்டதும் செலவைக் குறைத்தது.

நூல்களைத் தேர்ந்தவர்கள் மூவர். கொலான்ஸ் ஒருவர். லண்டன் பொருளியல் கல்லூரிப் பேராசிரியரும், வி.கே.கிருஷ்ண மேனன் உள்ளிட்ட இந்திய மாணவர் பலரின் ஆசானுமாகிய ஹெரால்டு லாஸ்கி ஒருவர். மார்க்சியச் சிந்தனையாளர் ஜான் ஸ்டிராச்சி மற்றொருவர்.

இத்திட்டத்தில் உள்ளூர்ப் புத்தகக் கடைக்குச் சிறப்பான இடம் இருந்தது. உறுப்பினர் தம் ஊர்க் கடையில் பெயரைப் பதிந்து, மாதந்தோறும் அங்கேயே நூலைப் பெற்றனர். நூல் வாங்க வந்தவர் இன்னொரு உறுப்பினரைக் கண்டார், இருவரும் பேசினர், பேச்சு கூட்டமாக வளர்ந்தது. கொலான்சின் பள்ளி இதழை விற்ற அதே வெடிகுண்டுக் கடையை 1934இல் ஈவா காலெட் ரெக்கிட் என்னும் அம்மையார் விலைக்கு வாங்கி, காலெட்ஸ் என்னும் பெயரில் நடத்திவந்தார். 1993 வரை நிலைத்த அந்நிறுவனம் இடதுசாரி நூல்களுக்குப் புகலிடமாக விளங்கியது.

மன்றம் நட்டமின்றி நடக்க 2,500 உறுப்பினர் போதும் எனக் கொலான்ஸ் கணக்கிட்டிருந்தார். ஓராண்டுக்குள் அந்த எண்ணிக்கை 40,000ஐ எட்டியது. 1939இல் 57,000 ஆயிற்று. 1937ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நிகழ்ந்த பேரணியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஒரு பதிப்பகத்தின் வாசகர் அப்பெரிய மண்டபத்தை நிரப்பியதைக் கண்ட அரசியல் கட்சிகள் வியந்தன. தொழிற்கட்சித் தலைமை ஐயுறவும் கொண்டது.

படிப்பும் படக்காட்சியும்

மன்றத்தின் உயிர் அதன் உள்ளூர்க் குழுக்களிலேயே இருந்தது. அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. மருத்துவர், அறிவியலாளர், நடிகர், கவிஞர் ஆகியோர் தத்தம் துறைக்கெனத் தனிக்குழுக்களும் அமைத்தனர். கிறித்தவ போதகராக இருந்து மார்க்சியராக மாறிய ஜான் லூயிஸ் இக்குழுக்களை ஒருங்கிணைத்தார். ‘இடதுசாரிச் செய்தி’ என்னும் மாத இதழ் உறுப்பினரை இணைத்தது.

அம்மாத நூலைப் பற்றிய விவாதமே குழுக்கூட்டத்தின் மையம். அதனைச் சுற்றி நாடகம், மொழி வகுப்பு, கோடைப் பள்ளி, மலையேற்றம் எனப் பலவும் வளர்ந்தன. அவற்றுள் திரைப்படக் காட்சிக்குத் தனி வரலாறு உண்டு.

செர்கெய் ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்திற்குப் பிரிட்டனின் தணிக்கைக் குழு 1926இல் இசைவு மறுத்தது. அம்மறுப்பு 1954 வரை நீடித்தது. அந்நாளைய 35 மில்லிமீட்டர் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. தீ விபத்தைத் தடுக்க இயற்றப்பட்ட 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு உள்ளாட்சியினர் படத்தின் கருத்தையும் கட்டுப்படுத்திவந்தனர். 16 மில்லிமீட்டர் சுருளோ தீப்பற்றாத பொருளால் ஆனது. ஆகவே அச்சட்டத்தின் பிடிக்குள் அது வரவில்லை. வடகிழக்கு இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளர் மன்றம் ஒன்றில் படம் காட்டியதற்காகத் தொடரப்பட்ட வழக்கு, இக்காரணத்தால் தள்ளுபடி ஆயிற்று. 1933இல் தோன்றிய கீனோ என்னும் அமைப்பு சோவியத் படங்களை இச்சிறு சுருளில் ஊர்தோறும் வாடகைக்கு அனுப்பியது. ஐவர் மாண்டேகு 1936இல் எடுத்த மாட்ரிட் நகரப் பாதுகாப்புப் பற்றிய செய்திப்படமும் அவ்வழியே சென்றது.

நூல் மன்றக் குழுக்கள் இவ்வாய்ப்பை நன்கு பயன்கொண்டன. தொழிற்சங்கக் கூடமோ கூட்டுறவுச் சங்க மண்டபமோ போதும். கையில் தூக்கிச் செல்லத்தக்க படவீழ்த்தியும் ஒரு வெண்திரையும் இருந்தால் காட்சி நடந்துவிடும். ஒரு சுருள் முடிந்து மறு சுருளை மாட்டும் இடைவேளையில் அவையினர் தம்முள் பேசிக்கொள்வர். படம் முடிந்ததும் விவாதம், ஸ்பெயின் மக்களுக்கு நிதி திரட்டல், புதிய நூல் விற்பனை என நிகழ்ச்சி தொடரும். திரையில் மாட்ரிட் நகரின்மீது குண்டு விழக் கண்டவர், அந்நாட்டின் நிலையை விளக்கும் நூலை விரும்பி வாங்கினார். நூலைப் படித்தவர் அடுத்த காட்சிக்கு அண்டை வீட்டாரையும் அழைத்து வந்தார். எழுத்தும் திரையும் ஒன்றுக்கொன்று துணைநின்ற இம்முறை, பின்னாளில் உலகின் பல பகுதிகளில் இயங்கிய மக்கள் புத்தகக் கடைகளும் திரைப்படச் சங்கங்களும் மேற்கொண்ட முறையே ஆகும்.

மன்றம் வெளியிட்ட நூல்களுள் எட்கர் ஸ்னோவின் ‘சீன வானில் சிவப்பு நட்சத்திரம்’, மாசேதுங்கையும் அவர் தோழரையும் மேலை உலகுக்குக் காட்டியது. ஜாரோ நகரத் தொழிலாளர் 200 பேர் 1936இல் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தனர். அந்நகரின் வீழ்ச்சியை அத்தொகுதி உறுப்பினர் எலன் வில்கின்சன் அம்மையார் எழுத, அந்நூலும் மன்ற வெளியீடாக 1939இல் வந்தது. ரஜனி பாமி தத்தின் ‘இன்றைய இந்தியா’ 1940இல் வெளிவந்தது. ஆங்கில ஆட்சி இந்தியாவைச் சுரண்டிய முறையைப் புள்ளிவிவரங்களோடு நிறுவிய அந்நூல், இந்தியாவுக்குள் வரத் தடை செய்யப்பட்டது.

மறுக்கப்பட்ட நூல்கள்

மன்றத்தின் குறையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். பாசிசத்தை எதிர்க்க இடதுசாரிகள் அனைவரும் ஒன்றுபட வேண்டும் என்பது கொலான்சின் உறுதி. சோவியத் ஒன்றியத்தைக் குறைகூறும் எழுத்து அவ்வொற்றுமையைக் குலைக்கும் என அவர் அஞ்சினார். அந்த அச்சம் மெல்ல மெல்ல நூல் தேர்வின் அளவுகோலாயிற்று.

1937இல் ஆர்வெல்லின் ‘விகன் பியருக்குச் செல்லும் பாதை’ மன்ற நூலாயிற்று. 40,000க்கும் மேற்பட்ட படிகள் அச்சாயின. அதன் முற்பகுதி வட நாட்டுத் தொழிலாளரின் வறுமையைக் காட்டியது. பிற்பகுதி நடுத்தர வகுப்புச் சமதர்மவாதிகளின் போலித்தனத்தைச் சாடியது. அச்சாடலுக்கு இலக்கானவர்கள் மன்ற உறுப்பினரே. கொலான்ஸ் பிற்பகுதியை நீக்காமல் வெளியிட்டார். ஆயினும் அதனை மறுத்து நெடிய முன்னுரை ஒன்றைத் தாமே எழுதிச் சேர்த்தார். மாறுபட்ட கருத்தை அச்சிட்டு, மறுப்பையும் அருகே வைத்த அச்செயல் இன்றும் பாராட்டத்தக்கதே.

அந்த நேர்மை அடுத்த சோதனையில் நிலைக்கவில்லை. ஸ்பெயின் போரில் கழுத்தில் குண்டு பாய்ந்து உயிர் தப்பி வந்த ஆர்வெல், அங்கே கம்யூனிஸ்டுகள் பிற இடதுசாரிகளை ஒடுக்கியதை எழுத முனைந்தார். நூல் எழுதி முடிக்கப்படும் முன்பே, 1937இல், கொலான்ஸ் அதனை ஏற்க மறுத்தார். ‘கட்டலோனியாவுக்கு வணக்கம்’ வேறு பதிப்பகத்தின் வழி 1938இல் வந்தது. அச்சான 1,500 படிகளும் 1950இல் ஆர்வெல் இறக்கும்வரை விற்றுத் தீரவில்லை. முந்தைய நூல் 40,000 வீடுகளை அடைந்ததையும் பிந்தைய நூல் 1,500 படிகளோடு முடங்கியதையும் ஒப்பிட்டால், நூல் தேர்வோர் கையில் இருந்த ஆற்றல் எத்தகையது என்பது விளங்கும். ஸ்பெயினைப் பற்றிப் படம் கண்டும் நூல் கற்றும் நிதி தந்தும் உழைத்த பல்லாயிரம் உறுப்பினர், அந்நாட்டைப் பற்றிய ஒரு தலையாய சான்றைத் தம் மன்றத்தின் வழியே பெற இயலாது போயிற்று.

தன் குற்றம் காணல்

1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்படிக்கை செய்துகொண்டனர். பாசிச எதிர்ப்பே உயிர்மூச்சாகக் கொண்ட மன்றத்தின் அடித்தளம் ஒரே நாளில் ஆட்டம் கண்டது. முதலில் போரை ஆதரித்த பிரிட்டானியக் கம்யூனிஸ்டுக் கட்சி, சில வாரங்களில் நிலை மாறி அதனை எதிர்த்தது. குழுக்கள் பிளந்தன, உறுப்பினர் குறைந்தனர். கொலான்ஸ் தம் தோழரோடு முரண்பட்டு, நாஜிகளை எதிர்த்தே தீர வேண்டும் என்று வாதிட்டார்.

அவர் நிறுவனம் 1940ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட ‘குற்றவாளிகள்’ என்னும் சிறுநூல், ஹிட்லருக்கு இடங்கொடுத்த பிரிட்டனின் தலைவர்களைப் பெயர் சுட்டிக் கண்டித்தது. பெரிய விற்பனை நிறுவனம் ஒன்று அதனை விற்க மறுத்தபோது, அது தெருவோரத் தள்ளுவண்டிகளில் விற்கப்பட்டு, இரண்டு இலட்சம் படிகளைக் கடந்தது.

1941இல் அவர் பதிப்பித்த ‘இடதுசாரிகளுக்கு இழைக்கப்பட்ட துரோகம்’ என்னும் தொகுதி அவர் வாழ்வின் திருப்புமுனை. கம்யூனிஸ்டுக் கட்சியைக் கண்டித்த அந்நூலுக்கு, அவரால் முன்னர் மறுக்கப்பட்ட ஆர்வெல்லும் கட்டுரைகள் வழங்கினார். பிறரைக் கண்டிப்பதோடு கொலான்ஸ் நின்றுவிடவில்லை. ரஷ்யாவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் கொள்கைக்கு இசைந்தவற்றை அவற்றின் தரம் பாராமல் ஏற்றதையும், நேர்மையான சமதர்மவாதிகள் எழுதியவற்றை இசையாமை ஒன்றே காரணமாக மறுத்ததையும், ஐயம் தோன்றிய இடத்தும் வாய் திறவாதிருந்ததையும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வாணிகத்திலும் அரசியலிலும் உயர்நிலையில் இருந்த ஒருவர் தம் குற்றத்தைத் தாமே அச்சேற்றியது அரிய செயல்.

எனினும் மனிதர் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. 1944இல் ‘விலங்குப் பண்ணை’ வந்தபோது, போரில் துணைநின்று பேரிழப்பை ஏற்ற ரஷ்யாவை இழித்துக் காட்டும் நூலை அந்நேரத்தில் வெளியிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவர் ஒருவர் மட்டுமன்றி வேறு பதிப்பாளரும் அதனை மறுத்தனர் என்பது உண்மையே. ஆயினும் மும்முறை ஆர்வெல்லின் நூலை வெளியிட வாய்த்த இடர்ப்பாட்டில், அவர் ஒரு முறை தேறி இருமுறை தவறினார் என்றே வரலாறு கூறும். 1947இல் ஆர்வெல் தம்மை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க வேண்டியபோது, கொலான்ஸ் மறுக்காமல் விடுவித்தார். பொலிவிழந்த நூல் மன்றமும் 1948இல் முடிவுற்றது.

பகைவர்க்கும் உணவு

மன்றத்தால் அறியப்பட்டவர் அதன் பின்னரே பெரியவராக உயர்ந்தார். நாஜிகள் யூதரைக் கொன்று குவிப்பதை 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிறுநூலால் உலகுக்கு அறிவித்து, தப்பி வருவோருக்குப் புகலிடம் தரப் போராடினார். அத்துயரைத் தம் துயராகவே சுமந்ததால் அவ்வாண்டில் உளநலம் குன்றிப் படுக்கையில் வீழ்ந்தார்.

போர் முடிந்தது. வென்ற நாடுகளில் ஜெர்மானியர் எவரும் இரக்கத்துக்கு உரியரல்லர் என்னும் எண்ணம் பரவியிருந்தது. தம் இனத்தாரைக் கொன்ற நாட்டின் மக்களுக்காகக் குரல் கொடுத்தார் யூதராகிய கொலான்ஸ். ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகள் என்பது அறமன்று என அவர் வாதிட்டார். 1945இல் ஐரோப்பாவைக் காக்கும் இயக்கத்தைத் தொடங்கி, பிரிட்டானிய மக்கள் தம் பங்கீட்டு உணவில் ஒரு பகுதியைப் பசித்த ஐரோப்பியருக்கு அனுப்ப அரசு இசைவு தர வேண்டும் எனக் கேட்டார். 1946இல் பிரிட்டனிலேயே ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. அந்த நெருக்கடியிலும் பல்லாயிரவர் அவருடைய வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தனர். அவ்வாண்டின் இறுதியில் உணவுப் பொதி அனுப்ப இசைவும் கிடைத்தது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் ஜெர்மனிக்கே சென்றார். இடிந்த வீடுகளின் நிலவறைகளில் வாழும் குடும்பங்களையும், செருப்பற்ற சிறுவரையும் கண்டு, ஒளிப்படங்களோடு 1947இல் நூலாக்கினார். 1948ஆம் ஆண்டுப் போருக்குப் பின் வீடிழந்த அரபு மக்களுக்கு உதவவும் ஓர் அமைப்பை நிறுவினார். 1951இல் அவர் நாளிதழுக்கு எழுதிய ஒரு மடல், உலக வறுமையை எதிர்க்கும் அமைப்பு ஒன்று பிறக்க வித்தாயிற்று. ‘வறுமைமீது போர்’ என்னும் பெயரால் அது வளர்ந்தது.

1955இல் மரண தண்டனையை ஒழிக்கும் இயக்கத்தை ஆர்தர் கோஸ்லரோடு சேர்ந்து தொடங்கினார். ஸ்பெயின் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்து மீண்டவர் கோஸ்லர். அச்சிறை அனுபவத்தை 1937இல் நூல் மன்ற வெளியீடாகத் தந்தவர் கொலான்ஸ். கட்சிப் பிணைப்புகள் அறுந்த பின்னும் நூல் வழி அரும்பிய நட்பு அறப்பணியில் கைகோத்தது. 1965இல் பிரிட்டனின் நாடாளுமன்றம் கொலைக்குற்றத்துக்கான தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்தது. 1969இல் அது நிலையாக ஒழிந்தது. ஜெர்மானியப் புத்தக வணிகரின் அமைதிப் பரிசு 1960இலும், பிரிட்டனின் ‘சர்’ பட்டம் 1965இலும் கொலான்சை வந்தடைந்தன. 1967ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அவர் மறைந்தார்.

நிறைவாக

கொலான்ஸ் குணக்குன்று அல்லர். விரைந்து சினப்பவர், தம் கருத்தே சரி எனச் சாதிப்பவர். மக்களுக்கு உண்மையை அறிவித்தால் போதும் என நம்பியவர், எந்த உண்மையை அறிவிப்பது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையையும் எடுத்துக்கொண்டார். நூல் மன்றத்தின் வளர்ச்சியும் தளர்ச்சியும் அந்த ஓர் இடத்திலிருந்தே கிளைத்தன. மலிவு விலையும் ஊர்க்கூட்டமும் படக்காட்சியும் வாசகரைச் சேர்த்தன. சேர்ந்த வாசகர் எதைப் படிக்கக்கூடாது என்று மூவர் முடிவு செய்ததோ, உடன்படிக்கைச் செய்தி வந்த நாளில் அவர்களைத் திகைத்து நிற்க வைத்தது. மாற்றுக் கருத்தை முன்னமே கேட்டுப் பழகியிருந்தால் அத்திகைப்பு அவ்வளவு கொடிதாக இருந்திராது.

இடித்துரைக்கும் துணையில்லாத அரசன் கெடுப்பார் இன்றியே கெடுவான் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. அது நாடாளும் மன்னனுக்கு மட்டும் உரியதன்று. நூல் தேரும் குழுவுக்கும் உரியது. தாம் விரும்பாத நூலையும் மேசைமேல் வைத்துப் படிக்கத் துணியும் அவையே நெடிது நிலைக்கும். அதனை மன்றம் நடத்திய நாளில் கொலான்ஸ் முழுமையாக உணர்ந்தாரல்லர். பின்னர் உணர்ந்தார், உணர்ந்ததை மறைக்காமல் எழுதினார், பகைவருக்கும் சோறு கேட்ட நெஞ்சத்தோடு எஞ்சிய ஆண்டுகளை வாழ்ந்தார்.

இன்று அவர் பெயர் லண்டனில் அறிவியல் புனைகதைகளை வெளியிடும் பதிப்புப் பிரிவொன்றின் பெயராக வழங்குகிறது. செம்மஞ்சள் அட்டையிட்ட மன்ற நூல்களோ பழைய புத்தகக் கடைகளில் நிறம் மங்கிக் கிடக்கின்றன. ஆண்டு பத்தைக் கடந்து நடைபோட விழையும் இலக்கிய வட்டம் எதுவாயினும், அவற்றின் வரலாற்றில் தனக்குரிய பாடத்தைக் காணும்.